ரொட்டிக்குள் பருப்புத் துவையல்

அன்றாடம் விரும்பி உண்ணும் சாண்ட்விச் எது, வழக்கத்துக்கு மாறாக எதை எதோடு சேர்த்து உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பது கேள்வி. முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: வாரத்தில் நான்கு நாட்களாவது நான் உண்பது பருப்புத் துவையலும் வெண்ணெயும் வெள்ளரிக்காயும் வைத்த சாண்ட்விச். இரண்டாம் பாதிக்குத்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. என் சோதனைகளில் தேறியவற்றைவிடத் தோற்றவை அதிகம். தோற்றதற்குக் காரணமும் பெரும்பாலும் சுவையன்று, ஈரம்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் உணவு. யாருக்காவது உடம்பு சுட்டால் அப்பா பேக்கரியிலிருந்து மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டி ஒன்று வாங்கி வருவார். சூடான பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் துண்டுகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லாத மற்றவர்கள் அடித்துக்கொள்வோம். எப்போதாவது மாலையில் பன் பட்டர் ஜாம் கிடைக்கும். இவ்வளவுதான் எனக்கும் ரொட்டிக்கும் இருந்த உறவு. அது உப்புக்கும் காரத்துக்கும் ஏற்ற பண்டம் என்பதை, வேலைக்காக மும்பை சென்ற பிறகு, ஃபோர்ட் பகுதியில் அலுவலக வாசலில் கடை போட்டிருந்த ஒரு சாண்ட்விச்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மும்பைத் தெருச் சாண்ட்விச்சை உண்டிராதவர்களுக்காக அதைச் சற்று விவரிக்கிறேன். அவர் ரொட்டித் துண்டுகளின் ஓரங்களை அகலக் கத்தியால் ஒரே வீச்சில் சீவித் தள்ளுவார். இரண்டு துண்டுகளிலும் உப்பு வெண்ணெயை மூலைவரை, ஓர் அரிசி அளவு இடம்கூட விடாமல் தடவுவார். அதன் மேல் கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்த சட்னி. பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, அதன் மேல் வேகவைத்த பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் என வட்ட வட்டமாக அடுக்குவார். ஒவ்வோர் அடுக்குக்கும் சீரகமும் கறுப்பு உப்பும் மணக்கும் மசாலாவை விரல்நுனியால் தூவுவார். மேல் துண்டை வைத்து அழுத்தி, நெடுக்கில் ஒரு வெட்டு, குறுக்கில் இரண்டு வெட்டு, ஆறு துண்டுகள். சுட்டது வேண்டுமென்றால் நீளக் கைப்பிடி வைத்த அச்சில் அடைத்து அடுப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார். நான் முதலில் கவனிக்கத் தவறியது, தக்காளி எந்த நிலையிலும் ரொட்டியைத் தொடவில்லை என்பதை. அதற்கும் ரொட்டிக்கும் இடையில் எப்போதும் வெங்காயமோ உருளைக்கிழங்கோ வெண்ணெயோ காவல் இருந்தது.

இந்தக் காவலின் அருமை எனக்கு ஒரு ரயில் பயணத்தில் விளங்கியது. ஊருக்குப் புறப்பட்ட அன்று விடியற்காலையில் நானே தக்காளியை அரிந்து, உப்பும் தூவி, வெறும் ரொட்டிக்குள் வைத்துப் பன்னிரண்டு சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொண்டேன். மதியம் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு நிறக் கூழ். உப்பு தக்காளியிலிருந்து நீரை இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. வழியில் தடையேதும் இல்லாததால் ரொட்டி அவ்வளவையும் குடித்துவிட்டது. வெண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு. தண்ணீர் அதை எளிதில் கடப்பதில்லை. ஆகவே வெண்ணெய் சுவைக்காக மட்டும் தடவப்படுவதில்லை, மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிப்பதைப் போல ஒழுகாமல் இருக்கவும் தடவப்படுகிறது. நடுவில் மட்டும் ஒரு கட்டியை வைத்துவிட்டு ஓரங்களை விட்டுவிடுபவர்கள் மொட்டைமாடியின் நடுப்பகுதிக்கு மட்டும் தட்டோடு பதித்தவர்கள் ஆவார்கள்.

இப்போது என் பருப்புத் துவையலுக்கு வருகிறேன். துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாய் வற்றல், பூண்டு, சிறிது தேங்காய், உப்பு சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொரகொரப்பாக அரைப்பது எங்கள் வீட்டு வழக்கம். உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். சாண்ட்விச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சை நான் இன்னும் காணவில்லை: ஈரம் குறைவு, ரொட்டியோடு ஒட்டிக்கொள்ளும் பசை உண்டு, காரமும் பூண்டு மணமும் உண்டு, பல்லில் நெருடும் பருப்பும் உண்டு. சட்னியில் இந்த நற்குணங்கள் பாதிகூட இல்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியில் துவையலைக் கனமாகப் பரப்பி, விதைப்பகுதியை வழித்தெடுத்த வெள்ளரிக்காயை மெல்லியதாக அரிந்து அதன் மேல் அடுக்கி மூடிவிடுகிறேன். வெள்ளரிக்காய்க்கு உப்பு போடுவதில்லை; ரயிலில் கற்ற பாடம் அது. துவையலில் இருக்கும் உப்பே அதற்கும் போதும்.

இதை முதன்முறை செய்தபோது அம்மா அருகில் இருந்தார்கள். "ஏல, ரசஞ்சோத்துக்கு அரைச்ச தொவையலப் போய் ரொட்டியிலயா தடவுத?" என்று கேட்டுவிட்டு, நான் ஒரு வாய் கொடுத்ததும் மென்று பார்த்து, "அப்பளத்தையும் நொறுக்கி வையி, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு" என்றார்கள். கேலியாகச் சொன்னதுதான், நான் அதை அப்படியே செய்தேன். பொரித்த உளுந்து அப்பளத்தை நொறுக்காமல் முழுதாக உள்ளே வைத்து, மேல் துண்டை உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்தினால் அது ரொட்டிக்குள்ளேயே உடையும். தூள் வெளியே சிந்தாது. உருளைக்கிழங்குச் சிப்ஸை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து உண்பது இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சாதாரணப் பழக்கம் என்று பின்னாளில் அறிந்தபோது, அம்மாவும் அவர்களும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதாகத் தோன்றியது. மெத்தென்ற ரொட்டிக்குள் மொறுமொறுவென்று ஏதாவது ஒன்று இருந்தால் மற்ற குறைகளை வாய் மன்னித்துவிடுகிறது. ஆனால் அப்பளச் சாண்ட்விச்சுக்கு ஆயுள் ஐந்து நிமிடம்தான். அழுத்திய கையோடு உண்டுவிட வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்: இலையில் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவை ரொட்டிக்குள்ளும் ஒத்துப்போகும். துவையலும் அப்பளமும் அப்படிப்பட்ட இணை. தயிர்சாதமும் மாவடுவும் மற்றோர் இணை. தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டால் நீர் வடிந்து கெட்டியாகிவிடும்; அதில் உப்பும் தாளித்த கடுகும் கலந்து, மாவடுவைக் கொட்டை நீக்கிச் சன்னமாகச் சீவி வைத்தால், கோடைக்காலத்துக்கு இதைவிட நல்ல சாண்ட்விச் கிடையாது என்பேன். வடிக்காத தயிரில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டிய ஒரு நண்பரும் உண்டு. துணியில் கட்டச் சொன்னதை அவர் அவசரத்தில் படிக்காமல் விட்டிருந்தார்.

அசைவம் உண்பவர்களுக்கு என் பரிந்துரை சுறாப்புட்டு. டின்னில் அடைத்த சூரைமீனை உதிர்த்து மயோனைஸ் கலந்து சாண்ட்விச்சில் வைப்பதை உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, வேகவைத்து உதிர்த்து, மஞ்சளும் நிறையப் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து ஈரம் வற்றும்வரை வதக்கிய சுறாப்புட்டு அதற்கு எந்த வகையில் குறைந்தது? முதல்நாள் மிஞ்சிய புட்டைச் சூடாக்காமல், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தோடு வைக்க வேண்டும். உதிரி உள்ளீடு என்பதால் கடிக்கும்போது மறுபக்கம் கொட்டும். வெண்ணெயைப் புட்டோடும் கொஞ்சம் பிசைந்துகொண்டால் பிடித்துக்கொள்ளும். ஆறிப்போன பண்டத்தை வைப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். சாண்ட்விச் என்ற சொல் உணவின் பெயராக எழுத்தில் காணக்கிடைக்கும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பரில் எழுதிய நாட்குறிப்பு. லண்டன் மன்றம் ஒன்றில் கனவான்கள் ஆறிய இறைச்சியையோ சாண்ட்விச்சையோ உண்டுகொண்டிருந்ததாக அவர் அதில் எழுதியிருக்கிறார். ஆக, ஆறிய பண்டத்துக்கும் இதற்கும் தொடக்க நாளிலிருந்தே உறவு உண்டு.

இனிப்பில் இரண்டு. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, நிலக்கடலை வெண்ணெயும் வாழைப்பழமும் வைத்து வாணலியில் பொன்னிறமாகச் சுட்ட சாண்ட்விச்சை மிகவும் விரும்பியவர் என்பது பலரும் அறிந்த செய்தி. எங்கள் மாவட்டத்தில் நிலக்கடலைக்கு உரிய வடிவம் கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைத் தட்டிப் பொடித்து, வெண்ணெய் தடவிய ரொட்டியில் மலைவாழைப்பழத் துண்டுகளோடு வைத்தேன். அதுவரை சரி, பிறகு பேராசையில் அதை மின்சார டோஸ்டரில் வைத்து அழுத்தினேன். வெல்லப்பாகு உருகி ஓரங்களில் வழிந்து, தகட்டில் ஒட்டிக் கருகி, வீடெங்கும் புகை. அந்தத் தகட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. கடலை மிட்டாயைச் சுடாத ரொட்டியில்தான் வைக்க வேண்டும். ரொட்டியைச் சுடத்தான் வேண்டுமென்றால் முதலில் சுட்டு, ஆறவிட்டு வைக்கலாம்.

மற்றொன்று சிங்கப்பூரிலிருந்து வந்த யோசனை. அங்கே தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் கிளறி ரம்பை இலையின் மணமேற்றிய கயா என்ற பூச்சைச் சுட்ட ரொட்டியில் தடவி, நடுவே வெண்ணெயை ஒரு துண்டாகவே வைத்துக் கொடுக்கிறார்கள். கூடவே கருஞ்சோயாச் சாறும் வெள்ளை மிளகுத்தூளும் விட்ட அரைவேக்காட்டு முட்டை. தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது அதை நாள்தோறும் காலையில் உண்டேன். அதில் என்னைக் கவர்ந்தது கயாவைவிட வெண்ணெய்தான்: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது, உருகாதது, உப்புக் கரிப்பது. சூடான இனிப்பில் குளிர்ந்த உப்பு படும்போது நாக்குக்கு ஒரு திகைப்பு உண்டாகிறது. ஊர் திரும்பிய பிறகு, பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டைக்குச் செய்து மிஞ்சிய தேங்காய்ப் பூரணத்தைச் சுட்ட ரொட்டியில் பரப்பி, மேலே குளிர்ந்த உப்பு வெண்ணெயைச் சீவி வைத்துப் பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டில் கொழுக்கட்டைக்குத் தேவையானதைவிட வேண்டுமென்றே கூடுதலாகப் பூரணம் கிளறுகிறார்கள்.

தோற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரைப் பொரியல் வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு, ரொட்டியோடு சேராமல் தனியே நின்றது. வத்தக்குழம்பில் கிடந்த சுண்டைக்காயை மட்டும் பொறுக்கி வைத்ததில் புளிப்பும் கசப்பும் ரொட்டியின் லேசான இனிப்போடு மல்லுக்கு நின்றன. மாம்பழமும் மிளகாய்ப் பொடியும் கேட்க நன்றாக இருக்கும். கடித்ததும் பழம் வழுக்கிச் சட்டையில் விழும். இட்லி மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவியபோது ரொட்டி எண்ணெயை உறிஞ்சிக் கனத்துவிட்டது. அதே பொடியை வெண்ணெயில் குழைத்தபோது தேறியது.

ரொட்டியைப் பற்றியும் ஒரு சொல். மீந்த ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது பெரும்பாலோர் பழக்கம். பூஞ்சை பிடிப்பது அங்கே தாமதமாகும் என்பது மெய்தான். ஆனால் மாவுச்சத்து அந்தக் குளிரில் வெளியில் இருப்பதைவிட விரைவாக இறுகுவதால் ரொட்டி வறண்டுவிடும். இரண்டு நாளில் தீருமென்றால் வெளியிலேயே உறையோடு வைக்கலாம். அதற்கு மேல் என்றால் மேலே இருக்கும் உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டுவிடலாம். கோதுமை ரொட்டியா, மைதா ரொட்டியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை; துவையலுக்கு இரண்டும் ஒத்துவருகின்றன.

காலையில் கட்டிக் கொடுத்தால் மதியம்வரை தாங்குமா என்பது நிச்சயம் அடுத்த கேள்வியாக வரும். துவையலும் வெள்ளரியும் தாங்கும், மாவடுவும் வடித்த தயிரும் வெயில் கடுமையாக இல்லாத நாட்களில் தாங்கும். சுறாப்புட்டை வீட்டில் உண்பதே நல்லது, பக்கத்து இருக்கைக்காரர்களையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பளத்தை மட்டும் தனியே ஒரு சம்புடத்தில் போட்டு, உண்ணும்போது உள்ளே வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லி மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரொட்டியைத் திறப்பதற்கு முன்பே சம்புடம் வகுப்பில் ஒரு சுற்று போய்க் காலியாகிவிடுவதாகச் சொல்கிறாள். ஆகவே இப்போது இரண்டு சம்புடம் போகிறது.