படைப்பு வீட்டில் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு 41 வயது, தேவகோட்டைப் பக்கம். மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன மருத்துவர், பிறகு என்னையும் பரிசோதித்துவிட்டு எனக்கும் அதுதான் என்கிறார். "ரெண்டு பிள்ளை பெத்து, பேங்க்ல வேலை பாக்கிறவளுக்கு என்ன ஆட்டிசம்?" என்கிறார் மாமியார். அடுத்த மாதம் கணவரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் படைப்பு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் சடங்கு. கூட்டத்தை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. எல்லோரிடமும் சொல்லிவிடலாமா? இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆட்டிசம் என்றால் பேச்சு வராத குழந்தை என்றுதான் பலரும் நினைத்தார்கள். நன்றாகப் பேசுபவர்களிடமும் காணப்படும் ஆஸ்பெர்கர் வகை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றதே 1994-இல்தான். நம் நாட்டின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. போதாக்குறைக்கு, மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள், எப்போது தலையாட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அதேபோலச் செய்யப் பழகிவிடும் பெண்பிள்ளைகளை 'கூச்ச சுபாவம்', 'அழுத்தக்காரி' என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

மாமியார் பார்த்தது நீங்கள் செய்து முடித்த காரியங்களை. ஒவ்வொரு விசேஷத்துக்குப் பிறகும் விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் படுத்துக் கிடந்ததை அவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. தாய்க்கும் மகனுக்கும் இருப்பதில் அதிசயம் இல்லை, வளர்ப்பிலும் குற்றமில்லை. அவரை நம்பவைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரிடமும் சொல்லலாமா? வேண்டாம் என்பேன். படைப்பு வீட்டில் ஒரு ஆச்சி காதில் விழுந்தது, இலை எடுப்பதற்குள் மலேசியாப் பங்காளி வரை போய்விடும். தவிர, இது உங்கள் மகனைப் பற்றிய செய்தியும்கூட. கணவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். உங்களோடு ஒத்துப்போகிற ஓரகத்தி இருந்தால் அவரிடமும். மற்றவர்களுக்கு, "ரொம்ப நேரம் சத்தத்துல இருந்தா எனக்கு முடியலை, கொஞ்சம் படுத்துட்டு வர்றேன்" என்றால் போதும். அதில் பொய்யும் இல்லை.

நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் சத்தத்துக்குப் பொல்லாதவை. சுவர் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, தரை ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான கூரை. ஐம்பது பேர் பேசினால் ஐந்நூறு பேர் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் அதே வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும்) ஓர் அறை விட்டிருக்கிறார்களே! உங்கள் புள்ளிக்கு உள்ள அறையின் சாவியை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களை அடுக்கி வழியை அடைத்துவிடாமல் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். தலை கனக்க ஆரம்பிக்கும் முன்பே உள்ளே போய் அரை மணி நேரம் இருங்கள். தாங்க முடியாமல் போனபிறகு போனால் அரை மணி போதாது. காதில் வைக்கும் பஞ்சோ இயர் பிளக்கோ முடிக்குள் மறைந்துவிடும்.

அப்புறம், முகப்பில் நின்று "வாங்க, வாங்க" சொல்லும் வேலையை யாராவது வாயாடிக்கு விட்டுவிடுங்கள். வெளியே எடுத்த அண்டா, குண்டான், தாம்பாளங்களை எண்ணி எழுதித் திரும்ப வாங்கி வைக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பேங்க் மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆட்டிசத்தைப் போக்க மாத்திரை கிடையாது; அப்படி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அரசுச் சான்றிதழ் உங்களுக்கு வேண்டுமா என்பதைக் கல்யாணம் முடிந்து நிதானமாக யோசிக்கலாம். மகனுக்கு விண்ணப்பிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.