மடியில் வேண்டாம், முன்னிருக்கையில் வேண்டாம்: ஒன்றரை வயது மகனோடு ஜொகூருக்கு

கேள்வி: நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். கணவருக்கு ஜொகூர் பாருவுக்கு வேலை மாறியிருப்பதால் அடுத்த மாதம் அங்கே குடிபோகிறோம். சாமான்கள் லோரியில் போகும். நாங்கள் இருவரும் மாமியாரும் ஒன்றரை வயது மகனும் காரில் போகிறோம். உறவினரிடம் இரவல் வாங்கிய குழந்தை இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தபோது மகன் கதறி அழுதான். தூங்கும் நேரத்திலாவது மாமியார் அவனை மடியில் வைத்துக்கொள்ளலாமா? தெரிந்த தரகர் ஒருவர் பழைய இருக்கையை 90 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் பழைய காரில் ஐசோபிக்ஸ் (குழந்தை இருக்கையை நேராக மாட்டும் உலோக வளையங்கள்) இல்லை, வாங்கலாமா? பின்னால் பெட்டிகள் இருப்பதால் இருக்கையை முன்னால் பொருத்தலாமா?

பதில்: மடியில் வைக்க வேண்டாம், சகோதரி. அவன் தூங்கினாலும் வேண்டாம், மாமியார் எவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாலும் வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதினால் ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடும். 11 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 150 கிலோவுக்கு மேல் கனப்பான். அந்தக் கனத்தைத் தாங்கும் கை யாருக்கும் கிடையாது. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமோ 110 கிலோமீட்டர். ஒரே இடைவாரைப் பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்து மாட்டுவது இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது பாட்டியின் முழு எடையும் வாருக்கும் தமக்கும் நடுவே இருக்கும் பிள்ளையை நசுக்கும். உங்களையெல்லாம் மடியில் வைத்துத்தானே வளர்த்தோம் என்று மாமியார் சொல்லக்கூடும். அவருடைய அன்பில் குறையில்லை. இந்தக் கணக்கை மட்டும் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பின்னிருக்கையில் இருப்போரும் இடைவார் அணிய வேண்டும் என்ற விதி 2009 ஜனவரி 1 முதலும், சொந்தக் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்ற விதி 2020 ஜனவரி 1 முதலும் நம் நாட்டில் நடப்பில் இருக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்து மூன்று நாளான சிசு மருத்துவமனை வாசலிலிருந்து தாயின் மடியில் வீட்டுக்குப் போவதை நான் இன்றும் பார்க்கிறேன். தொடக்கத்தில் அபராதம் விதிக்காமல் அறிவுரை மட்டும் சொல்வோம் என்றார்கள். அந்தத் தொடக்கம் இன்னும் முடியவில்லை என்றே மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் போட்டவர்கள் வீதியில் இறங்கிக் கண்காணித்திருந்தால், இந்தக் கேள்வியை நீங்கள் எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

இனி அந்த 90 ரிங்கிட் இருக்கை. அதை வாங்காதீர்கள். குழந்தை இருக்கை பொருத்தித் தரும் இந்த வேலையில் இறங்கிய நாள் முதல் நான் ஓயாமல் சொல்லிவருவது இதைத்தான். சென்ற ஆண்டு ஒரு தாய் தரகரிடம் வாங்கிய இருக்கையைப் பொருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். துணி உறை துவைத்து, வாசனை பூசி, புதிது போல இருந்தது. உறையைக் கழற்றியதும், வார் நுழையும் துளையிலிருந்து முதுகுப்புறம் வரை பிளாஸ்டிக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியிருந்ததைக் கண்டேன். பலத்த இழுவையில் பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும். அந்த இருக்கை ஏற்கெனவே ஒரு விபத்தைத் தாங்கியிருக்க வேண்டும். இரண்டாவதைத் தாங்குமென யாரும் உறுதி சொல்ல முடியாது. தரகரோ தம் அக்காள் பிள்ளை உட்கார்ந்த இருக்கை என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். அடுத்தடுத்து நான்கு பேரிடம் அதே அக்காள் கதையைக் கேட்டுவிட்டேன். அந்த இருக்கை எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். பலருக்குத் தெரியவும் தெரியாது.

புதிய இருக்கை வாங்கும்போதும் அதன் பக்கவாட்டிலோ அடியிலோ ஆரஞ்சு நிற வில்லை ஒட்டியிருக்கிறதா, அதில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உள்ளனவா, குழந்தை இருக்கைகளுக்கான ஐநா விதி 44 அல்லது 129 என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வில்லை இல்லாத இருக்கையைக் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மீரோஸ் ஏற்றுக்கொண்ட இருக்கைகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் உள்ளது. ஐசோபிக்ஸ் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். காரின் இடைவாரிலேயே பொருத்தக்கூடிய இருக்கைகள் நிறைய உண்டு. சரியாக இறுக்கிப் பொருத்தினால் அவையும் பாதுகாப்பானவையே. ஐசோபிக்ஸ் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று விலை கூடிய பொருளைத் தலையில் கட்டுவோர் பேச்சைக் கேட்காதீர்கள். பொருத்திய பிறகு வார் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது.

முன்னிருக்கை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு மாறும் அவசரத்தில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை, அதாவது பிள்ளை காரின் பின்புறம் பார்த்து உட்காரும் இருக்கையை, ஒருபோதும் வைக்கக்கூடாது. காற்றுப்பை விரியும் வேகத்தில் அது இருக்கையின் முதுகைத் தாக்கும், அந்த அடி நேராகப் பிள்ளையின் தலைக்குப் போகும். பயணியின் எதிரே பலகையில் 'எஸ்.ஆர்.எஸ்.' என்று பொறித்திருந்தால் உள்ளே காற்றுப்பை இருக்கிறது. பின்னிருக்கையே இல்லாத பிக்கப் வண்டிகளுக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. அங்கும் பயணிப் பக்கக் காற்றுப்பையைச் சாவியால் அணைக்கும் வசதி இருந்து, அது அணைந்திருக்கிறது என்று விளக்கு காட்டிய பிறகே பின்னோக்கிய இருக்கையை வைக்கலாம். வியாபாரத்துக்கு அத்தகைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பினாங்கில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். உங்களுடையது நான்கு கதவுக் கார். எனவே பெட்டிகளை லோரியில் ஏற்றிவிட்டுப் பின்னிருக்கையை மகனுக்கும் மாமியாருக்கும் விடுங்கள். பின்னால் கட்டாமல் கிடக்கும் பெட்டியும் மோதும்போது பறந்து வரும்.

அழுகைக்கு வருகிறேன். புதிய இருக்கையை வாங்கியதும் காரில் வைக்காமல் ஒரு வாரம் வரவேற்பறையில் தரையில் வையுங்கள்; அவன் அதில் ஏறி இறங்கி விளையாடட்டும், பிஸ்கட் தின்னட்டும். பிறகு காரில் பொருத்தி, கடைக்குப் போகும் குட்டிப் பயணங்களில் பழக்குங்கள். 129ஆம் விதிப்படி 15 மாதம் வரை பின்னோக்கி உட்கார வைப்பது கட்டாயம். உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டாலும் இருக்கையின் எடை, உயர வரம்புகள் அனுமதிக்கும் வரை பின்னோக்கியே இருப்பது அவன் கழுத்துக்கு நல்லது. தூங்குவதற்காக ஒவ்வாமை மருந்தோ இருமல் மருந்தோ கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்; அவை சிறு பிள்ளைகளின் மூச்சைத் தாழ்த்தக்கூடும்.

மொத்தத் தொலைவு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். முடிந்தால் கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். தாப்பா, ஆயர் கெரோ, மச்சாப் ஓய்வுப் பகுதிகளில் அவனை இறக்கி ஓட விடலாம். வெயிலில் நின்ற காரில் ஏறும்போது இருக்கையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள். நடுவழியில் அவன் அழுதான் என்பதற்காக அவசரத் தடத்தில் நிறுத்தி மடிக்கு மாற்றாதீர்கள். நின்றிருக்கும் காரின் மேல் பின்னால் வரும் லோரி மோதுவதே அங்குள்ள பெரிய ஆபத்து. அடுத்த ஓய்வுப் பகுதி வரை மாமியார் அவன் கையைப் பிடித்தபடி பாடட்டும்.