மூன்று கிட்டார் கார்டில் என்ன இருக்கிறது? ஜான் பிரைனைக் கேட்கத் தொடங்குபவருக்கு

கேள்வி: கிட்டார் பழகி ஒரு வருடம் ஆகிறது. சொந்தமாகப் பாட்டு எழுத ஆசை. அமெரிக்க நாட்டுப்புற, கன்ட்ரி பாடகர்கள் பலரும் பாடலாசிரியரும் பாடகருமான ஜான் பிரைனைத்தான் ஆசானாகச் சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். எளிய கார்டுகள் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது), கரகரத்த குரல். இவரிடம் எதைக் கற்பது? எங்கே தொடங்குவது?

பதில்: 1971-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் தொடங்குங்கள். சிகாகோ பக்கம் மேவுட் என்ற ஊரில் தபால்காரராக இருந்தவர் அவர். அந்தப் பாட்டுகளில் பலவற்றைக் கடிதம் கொடுத்துக்கொண்டே வீடு வீடாக நடக்கும்போது மனதுக்குள் கட்டினார். கையில் கிட்டார் இல்லாமல் கட்டிய பாட்டு என்பதால், சொல்தான் அதைத் தாங்கி நிற்கிறது. கார்டு எளிமையாக இருப்பது குறையல்ல.

நீங்கள் கற்க வேண்டியது ஒன்றுதான்: அவர் உணர்ச்சியைப் பற்றிப் பாடவில்லை, ஒரு ஆளாக மாறிப் பாடுகிறார். 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி'யை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாடுவதோ வயதான ஒரு பெண். அவளுக்கு அவள் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சமையலறையில் ஈ ரீங்காரமிடுகிறது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் கணவனுக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த ஈ போதும், ஒரு முழு வாழ்க்கை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. 1974-இல் பாடகி போனி ரெய்ட் பாடிய பிறகு அது அந்தப் பாடகியின் பாட்டாகவே ஆகிவிட்டது.

'ஹலோ இன் தேர்' பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. சிறுவயதில் முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் போடப் போவார். அங்கே சிலர், பார்க்க வந்த பேரன் போல அவரை நடத்துவார்களாம். அதை அவர் மறக்கவே இல்லை. ஜேசன் இஸ்பெல், பிராண்டி கார்லைல், கேஸி மஸ்கிரேவ்ஸ் போன்ற பாடகர்கள் அவரைக் கொண்டாடுவதற்கு இந்தக் கவனிப்புதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரி, கைக்கு வேலை. 'பாரடைஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவின் கென்டக்கி ஊர் நிலக்கரிக்குப் பறிபோன பாட்டு. டி, ஜி, ஏ மூன்றே கார்டு, மூன்றெண்ணும் தாளம். ஒன்றுக்குக் கட்டைவிரல் அடித்தந்தியில் விழட்டும்: டி-க்கு நான்காவது தந்தி, ஏ-க்கு ஐந்தாவது, ஜி-க்கு ஆறாவது. இரண்டுக்கும் மூன்றுக்கும் மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளை இலேசாகத் தொட்டால் போதும். கட்டைவிரல் தானாக நடக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

குரலைப் பற்றிக் கவலை வேண்டாம். 1998-இல் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் அவர் குரல் வெகுவாக இறங்கிவிட்டது. பழைய பாட்டுகளின் சுருதியை இறக்கிப் பாடினார். அப்படிப் பாடியதில் அவை தனக்கே புதிதாகிவிட்டன என்றும் சொன்னார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறக்கும்வரை அந்தக் குரலில்தான் பாடினார். நீங்களும் உங்களுக்கு வசதியான சுருதிக்குக் கேப்போவை (கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்தி மாட்டும் கிளிப்) நகர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழுதும்போது உங்கள் தெருவில் தினமும் பார்க்கும் ஒருவரை எடுங்கள். அவர் வீட்டுக்குள் கண்ணில் படும் பத்துப் பொருள்களை முதலில் பட்டியலிடுங்கள். அதில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவரே பேசுவது போல் முதல் வரியைப் பாடிப் பாருங்கள்.