சோலைவரி இருக்கக் குப்பைக்கு வேறு கட்டணமா?

கேள்வி: ரொறன்ரோவில் வீட்டுக் குப்பைக்கான கட்டணத்தை மறுபடியும் கூட்டிவிட்டதாகக் கனடாவில் இருக்கும் என் மகள் சொல்கிறாள். இங்கும் குப்பை அள்ளுவதற்கு வீடுகளிடம் மாதக் கட்டணம் வாங்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆண்டுதோறும் ஜனவரியிலேயே மாநகர சபைக்குச் சோலைவரியை (ஆதனவரியை) முழுதாகக் கட்டிவிடுகிறவன் நான். அந்த வரிக்குள் குப்பை அடங்காதா? ஒரே வேலைக்கு இரண்டு தரம் பணம் வாங்குவது பகற்கொள்ளை அல்லவா? இப்படிக் கட்டணம் போட்டால் சனம் குப்பையைக் குளத்திலும் ஒழுங்கையிலும் கொண்டுபோய்க் கொட்டத்தான் போகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்

பதில்: ஜனவரி 31க்கு முன்னர் முழு ஆண்டு வரியையும் செலுத்துவோருக்குக் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடியை நீங்கள் தவறவிடுவதில்லை என்று தெரிகிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில், கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்காகவே பதில் சொல்கிறோம். குப்பைக்குத் தனிக்கட்டணம் வாங்குவது கொள்ளையல்ல. எல்லா வீட்டிடமும் ஒரே தொகையை வாங்குவதும், வரியில் ஏற்கெனவே அடங்கியிருக்கும் பங்கைக் கழிக்காமல் வாங்குவதும்தான் கொள்ளை. அப்படி ஒரு திட்டம் வந்தால் உங்களோடு சேர்ந்து நாமும் எதிர்ப்போம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

சட்டம் ஓரளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. வீதிகளைக் கூட்டித் துப்புரவாக்குவதும், வீட்டுக் குப்பையை உரிய காலங்களில் அகற்றுவதும், அகற்றியதை முறையாக ஒழிப்பதும், நியாயமாக இயன்ற அளவில், சபையின் கடமை என்று 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு விதிக்கிறது. அள்ளிய குப்பை சபையின் சொத்து என்று அடுத்த பிரிவு சொல்கிறது. (எமது நகரக் குப்பையைக் கொட்டும் கல்லுண்டாயில் குவிந்து கிடக்கும் அந்தச் சொத்தில் பங்கு கேட்டு இதுவரை எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.) ஆனால் கடமை என்று சொன்ன சட்டம், அந்தக் கடமைக்கான பணம் வானத்திலிருந்து விழும் என்று சொல்லவில்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. பின்னர் இறங்கிய விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஊழியர் சம்பளத்தின் ஒரு பகுதி மாகாண சபை வழியாக அரசிடமிருந்து வந்தாலும், உழவியந்திரத்தின் எரிபொருளையும் சில்லையும் திருத்தத்தையும் சபைதான் பார்க்க வேண்டும்.

இனி, நீங்கள் கட்டும் சோலைவரியைப் பார்ப்போம். அது வீட்டின் ஆண்டுப் பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று விதிக்கப்படுவது. காணி எங்கே இருக்கிறது, கட்டடம் எவ்வளவு பெரிது, வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்றெல்லாம் பார்க்கும் அந்த மதிப்பீடு, படலைக்கு வெளியே நீங்கள் வைக்கும் பையின் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. நல்லூர்ப் பக்கத்தில் பழைய நாற்சார் வீடொன்றில் தனியே வாழும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வளவுச் சருகை வாழையடியில் போட்டு, மரக்கறிக் கழிவைக் கிடங்கிலும் மீன்தலையைப் பூனைக்கும் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு சின்னப் பை பொலித்தீனைத் தவிர வேறெதையும் அவர் வெளியே அனுப்புவதில்லை. அதே ஒழுங்கையில் மாடிக்கு மாடி வாடகைக்கு விட்ட புதுக் கட்டடமொன்று ஒவ்வொரு காலையும் நாலைந்து மூடைகளை வாசலில் சாய்த்து வைக்கிறது. வீடும் வளவும் பெரிது என்பதால் மூதாட்டியின் வரி குறைவாக இராது. மாடிக் குடித்தனங்களின் குப்பைச் செலவில் ஒரு பங்கை அவரும் சுமக்கிறார். வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்று கட்டணம் வந்தால் அந்த அநியாயம் இன்னும் ஒரு மடங்கு கூடுமே தவிரக் குறையாது.

எமது ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. உரிமையாளர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, பூட்டிய கதவும் சரிந்த வேலியுமாகக் கிடக்கும் வளவுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. அயலட்டையின் குப்பைப் பைகள் இரவில் பறந்துபோய் இறங்குவதும் அங்கேதான். ஒரே தொகைக் கட்டணம் வந்தால் குப்பையே போடாத அந்த உரிமையாளருக்கும் பற்றுச்சீட்டுப் போகும். மதிலுக்கு மேலால் எறிந்தவரும் அதே தொகையைத்தான் கட்டுவார். மாரி மழையில் அங்கே கிடக்கும் யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் நுளம்பு பெருகினால், சுகாதாரப் பரிசோதகரின் அறிவித்தலும் பூட்டிய படலையில்தான் தொங்கும்.

உங்கள் மகளின் நகரத்துக்கு வருவோம். ரொறன்ரோ 2008 நவம்பரில் செய்தது, வரிக்கு மேல் கட்டணம் ஏற்றுவது அல்ல. குப்பைச் செலவை ஆதனவரியிலிருந்து பிரித்தெடுத்து, ஒவ்வொரு வீடும் தெரிவு செய்யும் தொட்டியின் அளவுக்கு விலை வைத்தது. சிறிய தொட்டி 75 லீற்றர், நடுத்தரம் 120, பெரியது 240, மிகப் பெரியது 360 லீற்றர். வரிக்குள் முன்னரே இருந்த பங்குக்கு ஈடாக ஒரு தொகையைக் கழித்தும் கொடுத்ததால், சிறிய தொட்டியோடு நிறுத்திக்கொண்ட வீட்டுக்குத் தொடக்கத்தில் சுமை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். உணவுக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, மீள்சுழற்சிக்குப் போகிறவற்றுக்கு நீலத் தொட்டி என்று வேறாக வைத்துவிட்டு, எஞ்சிய குப்பைக்கான தொட்டியை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுகிறது. பின்னாளில் அந்தத் தள்ளுபடித் தொகையைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. உங்கள் மகளின் முறைப்பாட்டில் நியாயம் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான். ஆனாலும் பெரிய தொட்டியைக் கொடுத்துவிட்டுச் சிறியதை எடுத்துத் தன் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி அவருக்கு உண்டு. ஒரே தொகைக் கட்டணத்தில் அந்த வழி எவருக்கும் இல்லை.

தென்கொரியா 1995இலிருந்து நாடு முழுவதும் விலைகொடுத்து வாங்கிய பையில்தான் வீட்டுக் குப்பையைப் போட வைக்கிறது. மாறாக, 2021 ஜனவரியிலிருந்து வீடுகளிடம் குப்பைக் கட்டணம் என்று அறிவித்த சென்னை மாநகராட்சி, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அங்கே கட்டணத்தைச் சொத்துவரியோடு பிணைத்திருந்தார்கள். குப்பையைக் குறைத்தவருக்குக் கட்டணம் குறையாது என்றால் அது வரிக்கு வைத்த இன்னொரு பெயர் என்று சனம் கண்டுகொள்ளாமல் இருக்குமா?

நாம் ஏன் கட்டணமே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதுநாள்வரை நாம் செலவழித்ததெல்லாம் பெரும்பாலும் அள்ளவும் ஏற்றவும்தான். கொண்டுபோன இடத்தில் முறையாக ஒழிப்பதற்கான செலவை நகரத்தவர் எவரும் கட்டியதில்லை. அதைக் கல்லுண்டாய், நவாலிப் பக்கத்துச் சனம் புகையாகக் கட்டுகிறது. கல்லுண்டாய் மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள், கடல்நீரேரியை ஒட்டிய வெளியில் இருக்கிறது. அங்கே மேடு தீப்பற்றி எரிவதும், ஊரவர் வீதிக்கு இறங்கிக் குப்பை வண்டிகளை மறிப்பதும் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன; நகரத்துக்குள் இருக்கும் நாம் அதை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தபோதும் அப்படித்தான் வாசித்தோம். சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் குடாநாட்டில் மாசு ஓரிடத்தோடு நிற்காது என்பதைச் சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் காட்டிவிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்த வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019இல் மின் நிறுவனமொன்றுக்கு உத்தரவிட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் கோட்பாடு எமது வீட்டுப் படலைக்கு வரும்போது மட்டும் பகற்கொள்ளையாகிவிடுமா, ஐயா? (ரொறன்ரோவும் புனிதமான ஊரல்ல: 2010 இறுதிவரை தன் குப்பையை லொறி லொறியாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு அனுப்பியது, இப்போது ஏறக்குறைய 200 கிலோமீற்றருக்கு அப்பால், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துக்கு அருகே, விலைகொடுத்து வாங்கிய இடத்தில் புதைக்கிறது.)

அப்படியானால் எதற்குக் கட்டணம் வைப்பது? நாட்டின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அது தனியாக வந்தால் பசளையாகும். பொலித்தீனோடு கலந்து வந்தால் கல்லுண்டாய் மேட்டை உயர்த்தும். ஆகவே உக்கும் கழிவைப் பிரித்து வைக்கிற வீட்டிடம் அதற்கு ஒரு சதமும் வாங்கக் கூடாது. கலந்து கட்டிய குப்பைக்கு மட்டும், சபையின் அடையாளம் பொறித்த பையைக் கடையில் விற்று, பைக்கு இத்தனை ரூபா என்று வாங்கலாம். மின்சாரத்துக்கு எரித்த அலகுக்குத்தானே கட்டுகிறோம். பக்கத்து வீட்டாரும் நாமும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களுக்கு மாதத்துக்குச் சில பைகளை இலவசமாகக் கொடுப்பது சபைக்குப் பெரிய இழப்பாகாது. ஆனால் பிரித்து வைத்த இரண்டு பைகளும் வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுமானால் அன்றைக்கே கட்டணம் கேட்கும் தகுதி சபைக்குப் போய்விடும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வண்டி உங்கள் படலையில் நிற்கும்போது ஒருநாள் வெளியே வந்து பாருங்கள். கையுறையின் விரல் நுனி கிழிந்த தொழிலாளி பையின் முடிச்சை அவிழ்க்கிறார். நண்டுக் கோதுக்கும் புளித்த சோற்றுக்கும் நடுவே உடைந்த மின்குமிழ் கிடக்கிறது. அதைக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தனியே வைப்பதற்கு வீட்டுக்காரருக்கு அரை நிமிடம் போதும். கட்டணத்தால் வரும் பணத்தில் முதல் பங்கு கையுறைக்கும் சப்பாத்துக்கும் போக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டணம் போட்டால் குளத்தில் கொட்டுவார்கள் என்கிறீர்கள். பைக்கு விலை வைத்த ஊர்களில் கள்ளத்தனமாகக் கொட்டுவது தொடக்கத்தில் தலைதூக்குவது உண்மை. சருகோடு பொலித்தீனையும் சேர்த்து எரிப்பதும் இங்கே கூடலாம். அதற்காகவே கட்டணத்தைச் சிறிய தொகையில் தொடங்க வேண்டும், வண்டி சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், கொட்டுகிறவர் எவரானாலும் தண்டம் கட்டியே ஆக வேண்டும் என்கிறோம். ஆனால் இன்று, ஒரு சதம் கட்டணமும் இல்லாத நாளில், குளக்கரைகளிலும் பூட்டிய வளவுகளிலும் கிடக்கும் பைகளை யார் கொட்டியது? நேர்மையாகக் கட்டணம் கட்டக்கூடிய உங்களைப் போன்ற ஒருவரே இந்த எச்சரிக்கையை ஒரு மிரட்டலாக எழுதியிருப்பதுதான் எமக்கு உறுத்துகிறது.

உங்கள் முதற்கேள்விக்கு, அதாவது சோலைவரிக்குள் குப்பைக்கான பங்கு எவ்வளவு என்பதற்கு, விடை சபையின் கணக்கேட்டில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டுப் பெறலாம். நாளொன்றுக்கு எத்தனை தொன் அள்ளப்படுகிறது, ஒரு தொன்னை அள்ளி ஒழிக்க என்ன செலவாகிறது, அந்தச் செலவில் எவ்வளவு சோலைவரியிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். கிடைக்கும் பதிலின் பிரதியொன்றை எமக்கும் அனுப்பி வையுங்கள். மறுத்தால் மறுப்புக் கடிதத்தையே அனுப்புங்கள். எதுவானாலும் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.