ரியோவில் தீபா கர்மாகருக்குப் பதக்கம் நழுவியது எதனால்?

ஓடி வந்து மேசையில் கையூன்றி எழும்பிக் காற்றில் கரணம் போட்டு இறங்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவான வால்ட்டில், அப்போது பெண்களுக்கு உலகிலேயே மிகக் கடினமாக இருந்ததைச் செய்து முடித்த பின்பும் இந்திய வீராங்கனை தீபா கர்மாகருக்கு 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம்தான் கிடைத்தது, நடுவர்கள் ஓரவஞ்சனை செய்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 காலையில், கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடலூரில் நான் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் மாணவிகள் என்னிடம் கேட்டார்கள். முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் நடந்த இறுதிப் போட்டியைக் கண்விழித்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். "அவங்கதானே டீச்சர் கஷ்டமானதைச் செஞ்சாங்க?" என்று கேட்ட ஒருத்திக்குக் கண் கலங்கியிருந்தது. அன்று அவளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கும் தருகிறேன்.

ரியோவின் வால்ட் இறுதிப் போட்டியில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு வால்ட்டுகளைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டின் சராசரியே இறுதி மதிப்பெண். ஒவ்வொன்றிலும், அந்த வால்ட்டின் கடினத்துக்கென விதிநூலில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட மதிப்போடு, பிழைகளுக்காகப் பத்திலிருந்து கழித்துக்கொண்டு வரும் நேர்த்தி மதிப்பைக் கூட்டுவார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனிய வீராங்கனை நாடியா கோமனேச்சி பெற்ற முழுப் பத்து மனத்தில் நின்றுவிட்டதால் பத்துக்கு எத்தனை என்றே பலரும் இன்னும் பார்க்கிறோம். அந்த முறை 2006இலேயே மாறிவிட்டது.

தீபாவின் முதல் வால்ட்டுக்குக் கடினம் 6.0, நேர்த்தி 8.866. இரண்டாவதுதான் புரோடுனோவா. ஓடி வந்து, 125 சென்டிமீட்டர் உயர மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு, தரையைப் பார்த்துக்கொள்ள அவகாசம் இல்லாமலேயே கால்களை இறக்க வேண்டிய வால்ட் அது. 1999இல் இதைச் செய்து காட்டிய ரஷ்ய வீராங்கனை எலெனா புரோடுனோவாவின் பெயரால் வழங்குகிறது. அதன் கடின மதிப்பு அப்போது 7.0. ஏறத்தாழ உட்கார்ந்துவிடும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கி எழுந்த தீபாவுக்கு நேர்த்தியில் 8.266 கிடைத்தது. சராசரி 15.066.

வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்குரூபர் செய்தவற்றின் கடினம் 6.2, 5.8 மட்டுமே, நேர்த்தியோ 9.333, 9.1. சராசரி 15.216. ஆக, கடினத்தில் தீபா 1.0 முன்னே இருந்தார், நேர்த்தியில் 1.301 பின்தங்கினார், மிஞ்சிய 0.301ஐ இரண்டால் வகுத்தால் வருவதுதான் நம் எல்லோரையும் வருத்திய அந்த 0.15. தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் மொத்தக் கடினமும்கூட தீபாவுடையதைவிட 0.3 குறைவு.

ஆகவே இதை அநீதி என்று நான் கருதவில்லை. ஆனால் புரோடுனோவாவின் தரையிறக்கத்தை மட்டும் குறைசொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. முதல் வால்ட்டிலேயே தீபாவுக்கு 1.134 கழிந்தது, ஸ்டெயின்குரூபருக்கு அங்கே கழிந்தது 0.667தான். அந்த முதல் வால்ட் இன்னும் சற்றுச் சுத்தமாக இருந்திருந்தால், புரோடுனோவாவில் தாழ்ந்து இறங்கியபடியே வெண்கலம் வந்திருக்கும்.

நேர்த்தி எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குத் தேவனாம்பட்டினத்து மணல் கற்றுக்கொடுத்தது. பள்ளியில் மேட் எனும் பயிற்சி மெத்தை இல்லாத ஆண்டுகளில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை அங்குள்ள வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வேன். காய்ந்த மணலில் கரணம் போட்டால் அடிபடாது. கணுக்கால் வரை புதைந்து உடம்பு தானாகவே நின்றுவிடும். அதனாலேயே, முழங்காலை எவ்வளவு மடக்குவது, இடுப்பை எப்போது நிமிர்த்துவது என்பதை உடம்பு கற்றுக்கொள்ளவே இல்லை. மாவட்டப் போட்டியில் முதன்முறையாக மேட்டில் இறங்கிய என் மாணவிகள் ஒவ்வொருத்தியும் இரண்டு மூன்று அடி முன்னால் ஓடித்தான் நின்றார்கள். தட்டைப் பாதங்களோடு பிறந்து, தொடக்கத்தில் போதிய கருவிகள் இல்லாமல் அகர்தலாவில் பயின்ற தீபா, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் ரியோவில் நான்காம் இடமும் பெற்றதன் அருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

கணக்கு முடிந்ததும் கண் கலங்கிய அந்த மாணவி, "அப்போ நாம எப்ப டீச்சர் மேட்ல குதிக்கறது?" என்றாள். பெற்றோரிடமும் முன்னாள் மாணவிகளிடமும் பணம் சேர்த்து அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு மேட்டுகள் வாங்கினோம். முதல் மூன்று மாதங்கள் கரணம் எதுவும் இல்லாமல், வகுப்பறைப் பெஞ்சிலிருந்து குதித்து அசையாமல் நிற்பதை மட்டுமே செய்யவைத்தேன்.