சிங்கப்பூர்ல ஓ லெவல் பரீட்சைக்கு பயாலஜி எடுக்காம பாலிடெக்னிக்ல நர்சிங் சேர்ந்தா அனாடமி (உடம்போட அமைப்பு), பிசியாலஜி (உடம்பு வேலை செய்யற விதம்) சமாளிக்க முடியுமா? எல்லாமே மனப்பாடம்தானே?

முடியும். நானும் பயாலஜி எடுக்காமதான் சேர்ந்தேன், மூணு வருஷ டிப்ளோமா முடிச்சு இப்ப வார்டுல வேலை பார்க்கிறேன். ஆனா "எல்லாமே மனப்பாடம்தானே"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த பதிலே. நர்சிங் படிக்கிற எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாங்க, கேட்டு கேட்டு கோபம் வருது.

மனப்பாடம் இல்லைன்னு சொல்லல. 206 எலும்பு, மூளையில இருந்து கிளம்புற 12 ஜோடி நரம்பு, இதெல்லாம் உருப்போட்டுத்தான் ஆகணும். பிசியாலஜி அப்படி இல்ல, அதுல ஒண்ணால இன்னொண்ணு நடக்கும். பிரஷர் இறங்கினா கிட்னி ரெனின்னு ஒரு என்சைம விடும், அது லிவர் அனுப்பின ஒரு புரோட்டீன வெட்டி ஆன்ஜியோடென்சின் 1 ஆக்கும், அத முக்கியமா நுரையீரல் ரத்தக்குழாய்ல இருக்கிற ஏசிஇ என்சைம் 2-ஆ மாத்தும், அந்த 2 ரத்தக்குழாய இறுக்கும், அட்ரீனல் சுரப்பிய ஆல்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன விட வைக்கும், உப்பும் தண்ணியும் உடம்புல தங்கும், பிரஷர் ஏறும். நான் இத பேப்பர்ல அம்புக்குறி போட்டு வரைஞ்சு, ஒவ்வொரு அம்பு பக்கத்துலயும் "இத அடைச்சா என்ன ஆகும்?"னு எழுதி வைப்பேன்.

அந்த சமயத்துலதான் எங்கப்பாவுக்கு ராத்திரி பூரா வறட்டு இருமல். அம்மா மிளகு கஷாயம் போட்டு குடுக்கறாங்க, அத்தை ஏர்கான்தான் காரணம்ங்கறாங்க. அப்பாவோட பிரஷர் மாத்திரைய எடுத்து பார்த்தா எனலாப்ரில், என் பேப்பர்ல அந்த ஏசிஇ அம்ப அடைக்கிற மருந்து! அதே என்சைம்தான் உடம்புல இருக்கிற பிராடிகினின்ங்கிற பொருள உடைக்கிற வேலையும் பார்க்குது, அத அடைச்சா பிராடிகினின் சேரும், சிலருக்கு இருமல் வரும். பாலிகிளினிக் போய் டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் விசாரிச்சுட்டு லோசார்ட்டானுக்கு மாத்தினார். அது என்சைம தொடாம, ஆன்ஜியோடென்சின் 2 போய் ஒட்டுற இடத்த மட்டும் அடைக்கும். சில வாரத்துல இருமல் நின்னுடுச்சு. இது மனப்பாடமா, சொல்லுங்க.

உடனே "ஸ்டூடண்ட் டாக்டர் வேலை பார்க்கிறா"ன்னு கிளம்பி வராதீங்க. மாத்திரைய நான் நிறுத்த சொல்லல, நீங்களும் யாரையும் நிறுத்த சொல்லாதீங்க, எல்லா இருமலும் மாத்திரையால வர்றதும் இல்ல.

உக்காந்து படிக்க இடம் கிடைக்கிறதுதான் எனக்கு பாடத்த விட பெரிய கஷ்டமா இருந்துச்சு. வீட்ல ஆள் ஜாஸ்தி, லைப்ரரி போனா பைய வச்சு சீட்ட "சோப்" பண்ணிட்டு, அதாவது பிடிச்சு வச்சுட்டு, ஆளே காணாம போயிடறாங்க, சாப்பிட்டு ஆடி அசைஞ்சு வருவாங்க, நாம புக்க தூக்கிட்டு நிக்கணும். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டு கடைகள்ல டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிச்சாலாவது சாப்பிட வருவாங்கன்னு தெரியும், பரீட்சை நேரத்துல ஒரு மேசைய நாள் பூரா பைக்கு குடுத்தா என்ன நியாயம்? நான் எங்க பிளாக் கீழ வாய்ட் டெக்னு சொல்ற திறந்த தரைத்தளத்துல இருக்கிற கல்மேசையிலதான் முக்கால்வாசி படிச்சேன்.

கிளாஸ் ஆரம்பிக்க நேரம் இருந்தா எலும்புல தொடங்காதீங்க, செல் மெம்ப்ரேன்ல, அதாவது செல்ல சுத்தி இருக்கிற சவ்வுல தொடங்குங்க. அந்த சவ்வுல சோடியம் மூணு வெளிய, பொட்டாசியம் ரெண்டு உள்ள தள்ளுற ஒரு பம்ப் இருக்கு, அது ஏன் வேணும்னு புரியற வரைக்கும் விடாதீங்க. நரம்பு, இதயத்துடிப்பு, கிட்னி மூணு பாடத்துலயும் அதேதான் வரும், பயாலஜி படிச்சுட்டு வந்தவங்களே அங்கதான் திணறுவாங்க.