யூத் கோர்ட் வேலையைப் பழகும் இடம் பொலிஸ் நிலையம்தான்

தங்கச்சி, கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் சிறுவர் வழக்குகள் பேசிவிட்டு லண்டனுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கேயும் பிள்ளைகளுக்காக ஆஜராக என்ன பயிற்சி வேணும், பரீட்சை முடியும்வரை சும்மா இருக்கிறதா என்று கேட்டீர்கள். சும்மா இருக்க வேண்டாம்.

பரீட்சை ஒரு பக்கம் ஓடட்டும். சொலிசிட்டர் (கட்சிக்காரரை நேரடியாகக் கவனிக்கும் சட்டத்தரணி) ஆவதற்கான எஸ்.கியூ.இ. பரீட்சையில் முதற்கட்டம் 180 கேள்வி வீதம் இரண்டு தாள். இரண்டாம் கட்டத்தில் 12 எழுத்து வேலையும் 4 வாய்மொழி வேலையும். நீங்கள் ஏற்கெனவே சட்டத்தரணி என்பதால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்க மாட்டார்கள். யூத் கோர்ட் (சிறுவர் குற்ற வழக்குகளுக்கான நீதிமன்றம்) நடைமுறை பாடத்தில் இருக்கிறது, ஆனால் தொட்டுவிட்டுப் போவதுதான். பாரிஸ்டர் (நீதிமன்றில் வாதாடும் சட்டத்தரணி) என்றால் சிறுவர் வழக்குக்கான தேர்ச்சி இருப்பதாகத் தங்கள் சபைக்கு அறிவிக்க வேணும். சொலிசிட்டருக்குக் கட்டாயச் சான்றிதழ் எதுவும் இல்லை. ஒரு பிள்ளையிடமும் பேசிப் பழகாதவரும் நாளைக்கே ஆஜராகலாம், என் கணக்கில் பெரிய ஓட்டை அது.

இப்போதே தொடங்கக்கூடியது பொலிஸ் நிலையப் பிரதிநிதி அங்கீகாரம், அதாவது பொலிஸ் காவலில் இருப்பவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் தகுதி. மேற்பார்வைக்கு ஒரு சொலிசிட்டர் இருக்கும் நிறுவனத்தில் சேர வேணும். வழக்குக் கோவை, எழுத்துப் பரீட்சை, நடிப்புச் சோதனை மூன்றும் தேற வேணும். பயிலுநராக இருக்கும்போது கொலை, கொள்ளை போன்ற பாரிய குற்றங்களைத் தொட முடியாது.

ஊரில் 2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பு இல்லை. 12க்கும் 14க்கும் இடையில் முதிர்ச்சி போதாது என்று வாதாடலாம். இங்கே 10 வயதிலேயே பொறுப்பு தொடங்கும், அந்த முதிர்ச்சி வாதத்தையும் 1998இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே பிள்ளையைக் காப்பாற்றும் இடம் பெரும்பாலும் குற்றச்சாட்டுக்கு முந்திய கட்டம்.

பொலிஸ் நிலையத்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் துணையாக ஒரு பெரியவர் இருக்க வேணும், அநேகமாகத் தாய்தான் வருவார். சட்டத்தரணிக்கு உள்ள இரகசியக் காப்பு அவருக்கு இல்லை. அதனால் சம்பவத்தைப் பற்றிப் பிள்ளையோடு முதலில் தனியாகப் பேசுங்கள். நம்ம ஆக்கள் "உள்ளதச் சொல்லிப்போடு மனே" என்று இடையில் புகுந்துவிடுவார்கள். தாய்க்கு ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அந்த வேலையை நீங்களும் செய்யாதீர்கள், பிள்ளையிடமும் விடாதீர்கள்.

பெரியவர் வழக்கில் பழகியவர்கள் பொலிஸ் விசாரணையில் எடுத்த எடுப்பில் எல்லாக் கேள்விக்கும் "பதிலில்லை" என்று சொல்ல வைப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு யூத் கோஷன் (நீதிமன்றம் போகாமல் பொலிஸ் கொடுக்கும் எச்சரிக்கை) கிடைக்க வேண்டுமானால் குற்றத்தை ஏற்றிருக்க வேணும். சாட்சியம் பலமாக இருந்து குற்றம் சின்னதாக இருந்தால், மௌனத்தால் அந்த வழி அடைபட்டுப் போகலாம். சாட்சியம் பலவீனமென்றால் கதை வேறு. முதலில் பொலிசிடம் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கோவையின் முகப்பில் பிறந்த திகதியை எழுதுங்கள். விசாரணை இழுபட்டு, முதல் தவணைக்கு முன்பே 18 ஆகிவிட்டால் வழக்கு பெரியவர் மன்றுக்குப் போய்விடும். குற்றவாளி என்று தீர்ப்பாகும் நாளில் 18 ஆகியிருந்தால் ரெஃபரல் ஓடரும் (பிள்ளையை ஒரு சிறுவர் குழுவிடம் அனுப்பும் கட்டளை) இல்லை. முதல் தடவை குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு 3 முதல் 12 மாதம் வரை பெரும்பாலும் கிடைக்கும் கட்டளை அது. 17 தாண்டிய பிள்ளை என்றால், முடிவைச் சீக்கிரம் எடுக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலைக் கோவையில் வையுங்கள்.

போதைப்பொருளோடு பிடிபட்டால், யார் தந்தது, யாருக்குக் கடன் என்று பாருங்கள். சுரண்டப்பட்டுக் குற்றம் செய்தவருக்குப் பாதுகாப்புத் தரும் 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பிள்ளை தான் வற்புறுத்தப்பட்டதாகக் காட்டத் தேவையில்லை. சுரண்டலின் நேரடி விளைவாகச் செய்ததா, அதே நிலையிலுள்ள நியாயமான ஒருவரும் அப்படிச் செய்திருப்பாரா என்பதுதான் கேள்வி. சில பாரிய குற்றங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பிள்ளை சுரண்டப்பட்டவர் என்று அடையாளம் காண அனுப்பும் தேசியப் பரிந்துரையை நீங்கள் அனுப்ப முடியாது, உள்ளூராட்சிச் சமூகசேவையாளரையோ பொலிசையோ அனுப்பச் சொல்ல வேணும்.

பேச்சுமுறைதான் கடினம். "விளங்கிச்சா?" என்றால் எல்லாப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். "இப்ப நான் சொன்னத உன் பாட்டுல சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். ஒரு கேள்வியில் ஒரு விஷயம், சின்ன வசனம். "நீ அங்க போகல்ல, என்ன?" போன்ற வால் கேள்வி வேண்டாம், பிள்ளை தலையாட்டிவிடும். பேச்சு விளக்கத்தில் குறை தெரிந்தால் இடையாளுக்கு (பிள்ளைக்கும் மன்றுக்கும் இடையில் பேச்சை விளங்க வைக்கும் ஆள்) மன்றிடம் நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

யூத் கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்ததல்ல, போய் உட்கார்ந்து பார்க்க முடியாது. நிறுவனத்தின் சொலிசிட்டரோடு அனுமதி கேட்டுத்தான் போக வேணும். ஆகவே வேலைக்கு நேர்முகம் போகும்போது, சிறுவர் வழக்குகளைத் தாங்களே பேசுகிறார்களா, வெளியாளுக்குக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். யூத் ஜஸ்டிஸ் லீகல் சென்டர் என்ற சிறுவர் குற்றச் சட்ட நிலையத்தின் வழிகாட்டிகளை அதற்கு முன்பே வாசித்துவிடுங்கள், இலவசம்.